மைனருக்குக் கொடுத்த சொட்டு மருந்து

பாசிர் கூடாங்,
ஞாயிறு காலை.

என் தங்கை பெற்ற செல்வமும் வருங்காலப் பறவை டாக்டருமான லோஷினிக்கு, மாமா ஐயாசாமி அன்போடு எழுதுவது. நானும் உன் அத்தை பிரேமலாவும் சௌக்கியம். மெர்போக் புறா மைனர்தான் சௌக்கியமில்லை. உன் நலத்தையும் விசாரிப்பது முறை, விசாரித்ததாக வைத்துக்கொள். வாட்சாப்பில் நீளமாக எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

ஷிப்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் சும்மா இருக்காமல் மெர்போக் பாட்டுப் போட்டிக்குப் போனது உனக்குத் தெரியும். கூண்டைக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிவிட்டு, நடுவர்கள் கீழே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். மற்றப் புறாக்கள் கூவித் தள்ள, நம் மைனர் உச்சியில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கினான். மானம் போயிற்று. பறவைக்கடை செல்வாவிடம் புலம்பினேன். "அங்கிள், இது ஆம்பள ஹார்மோன் லா, டெஸ்டோஸ்டிரோன். தண்ணியில ரெண்டு சொட்டு விடுங்க, அப்புறம் பாருங்க" என்று ஒரு குப்பியைக் கொடுத்தான். மறுநாளிலிருந்து தினமும் விட்டேன்.

பார்த்தேன் அம்மா, பார்த்தேன். அடுப்படிக்குப் பின்னால் தொங்கும் கூண்டில் விடிந்ததும் ஆரம்பித்தால் அடையும்வரை கூவல்தான், வாலை விசிறியாக விரித்துத் தலையைத் தாழ்த்தித் தாழ்த்திக் கும்பிடு வேறு, சாப்பாட்டு நினைப்பே கிடையாது, நானோ சாம்பியன் கோப்பையை எங்கே வைப்பது என்று அலமாரியில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன், அதற்குள் அவனுக்கு ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது, இறகுக்குள் பேன், கழுத்து வழுக்கை, கையில் எடுத்தால் கனமே இல்லை. அலமாக், ஐயையோ என்று உனக்குப் போன் போட்டேன்.

பாடவைக்கும் அதே ஹார்மோன் உடம்பின் காவலைத் தளர்த்தவும் கூடும், அதனால் பாடியும் நோயில்லாமல் நிற்கிற ஆண்தான் அசல் பலசாலி, பெட்டை அதைத்தான் கவனிக்கிறது என்றொரு கருத்து உண்டு என்றாய். ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை என்றும் சொன்னாய். அன்றிலிருந்து எனக்கு இதே யோசனை. நோஞ்சானாக இருந்துகொண்டே பாடி ஏமாற்றுகிறவன் கிடையாதா? பெட்டைக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? உன் அத்தையிடம் கேட்டேன்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப நீங்க என்ன பாடினீங்க? தும்மிக்கிட்டேதான் இருந்தீங்க."

"அப்புறம் எதுக்குச் சம்மதிச்சே?"

"பாவமா இருந்துச்சு லா."

இது எந்த ஆராய்ச்சியில் வருகிறது என்று நீதான் சொல்ல வேண்டும்.

நேற்று நீ சொன்னபடி இங்குள்ள டாக்டரிடம் காட்டிக் கண்ணுக்கு மருந்து போட்டோம். குப்பியைக் குப்பையில் எறிந்துவிட்டேன். இன்றைய போட்டிக்கும் போகவில்லை. ஆனாலும் இரையைத் தொட மாட்டேன் என்கிறான். என் ஆசைக்கு அவனைக் கொன்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, லோஷினி. பிழைப்பானா? பிழைத்தால், மருந்து இல்லாமல் திரும்பப் பாட்டு வருமா? உடனே பதில் எழுது.

படிப்பில் குறைவின்றி, உடம்பில் நோவின்றி நீ நன்றாக இருக்க வேண்டும். பாட்டு வராவிட்டாலும் நோய் எதிர்ப்புச் சக்தி உள்ள மாப்பிள்ளை உனக்கு அமைய வேண்டும்.

இப்படிக்கு,
மாமா ஐயாசாமி

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது உன் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அந்த மருந்தை வாங்கிட்டு வந்த அன்னைக்கே சிங்க்ல ஊத்திட்டேன். நீங்க விட்டதெல்லாம் பைப்புத் தண்ணி."

"அப்போ அவன் ஏன் அப்படிப் பாடினான்?"

என் தோளைப் பிடித்து வேலிப் பக்கம் திருப்பினாள். அடுத்த வீட்டு புஷ்பவள்ளி, நான் குப்பி வாங்கிய நாளிலிருந்தே ஒரு பெட்டை மெர்போக்கைத் தொங்கவிட்டிருக்கிறாராம். இத்தனை நாளும் நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் எதைப் பார்க்கிறான் என்று பார்க்கவில்லை. ஹார்மோனைச் சொந்தமாகவே சுரந்திருக்கிறான், படவா!

கேட்டு வாங்கி வந்து இரண்டு கூண்டையும் ஒட்டி வைத்தோம். நோய் தொற்றும் என்று நீ திட்டுவாய், திட்டிக்கொள். பெட்டை கம்பி வழியாக அவன் வழுக்கைக் கழுத்தைக் கோதிக்கொண்டிருக்கிறது. "அதுக்கும் பாவமா இருந்திருக்கும்" என்கிறாள் உன் அத்தை. மைனர் இப்போது கூவவே இல்லை. இரை தின்கிறான்.

திரும்பப் பாட்டு வருமா என்று மேலே கேட்டிருக்கிறேன் அல்லவா, அதை அடித்துவிடு.