சகலைக்கு ஒரு ஷெட், மரநாய்க்கு ஒரு ஷெட்

கடிகார ரிப்பேர்க்காரர் தோட்டத்து ஷெட்டைத் திறந்தபோது, முந்தின நாள்தான் வாங்கிப் போட்ட சாய்வு நாற்காலியில் ஒரு மரநாய் படுத்திருந்தது. எழுந்து ஓடவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து, கதவைத் தட்டிவிட்டு வரத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தது.

உண்மையைச் சொன்னால், அவருக்கு மரநாய் மேல்கூட அவ்வளவு கோபமில்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் சகலையின் ஷெட் இருந்ததே, அதைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. சகலை என்றால் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். அவருடைய ஷெட்டுக்கு நீலத் திரை என்ன, மேஜை விளக்கு என்ன, குட்டி ஃபேன் என்ன! சாப்பிட்டுக் கை கழுவியதும் மனுஷன் புத்தகமும் கையுமாக உள்ளே போய்விடுவார், ராஜா கோட்டைக்குள் போகிற மாதிரி.

"அத்தானுக்குன்னு தனி ரூம் பாருங்க, எவ்ளோ அழகா இருக்கு!" என்று மனைவி ஜன்னல் வழியே பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

"ஏன், நான் மட்டும் என்ன இளிச்சவாயனா? நம்ம ஷெட்டை அதைவிட ஜோரா மாத்திக் காட்டறேன் பாரு!"

"உங்களால முடியுமாங்க?" என்றாள் அவள். போதாதா?

முதலில் காய்ந்த மிளகாயைக் கரியில் போட்டுப் புகை மூட்டினார். மரநாய் நிதானமாக உத்தரத்தில் ஏறிக்கொண்டது. புகைதான் மதில் ஏறி சகலை வீட்டுக்குள் போனது. பெரிய மகளோடு அங்கே இருக்கும் மாமியார், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"மாப்பிள்ளை! நான் இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருந்துட்டுப் போறேனே!"

அடுத்து ஒரு கூண்டு வாங்கி, உள்ளே பப்பாளித் துண்டு வைத்தார். மறுநாள் பார்த்தால் பழத்தைக் காணோம், கூண்டில் ஒன்றும் மாட்டவில்லை. உத்தரத்தில் இரண்டு வால் தொங்கியது.

"அது வீட்டுக்காரரையும் விருந்துக்குக் கூட்டிட்டு வந்துடுச்சு போல," என்றாள் மனைவி.

ஆத்திரத்தில், கூரையில் அவை வந்துபோகிற ஓட்டையைத் தகரம் வைத்து ஆணியடித்தார். அடித்து முடித்த பிறகுதான், இரண்டும் உள்ளேயே இருப்பது ஞாபகம் வந்தது. கதவைத் திறந்தார். ஒன்று இவர் தோளில் கால் வைத்து, மற்றொன்று தலையில் கால் வைத்து, நேரே சமையலறைக்குள் பாய்ந்தன.

ஸ்டூல் மேல் ஏறி நின்று மனைவி கத்தினாள்: "ஷெட்ல கிடந்ததை வீட்டுக்குள்ளயே குடி வெச்சுட்டீங்களே! அத்தானா இருந்தா இப்படிப் பண்ணுவாரா?"

வேறு வழியில்லாமல் தகரத்தை அவரே பிடுங்கி எறிந்தார். பொழுது சாய்ந்ததும் இரண்டும் பழைய வீட்டுக்கே திரும்பிப் போயின.

கடைசியில் மானத்தை விழுங்கிக்கொண்டு மதிலருகே போய் நின்றார்.

"சகலை, உங்க ஷெட்லயும் மரநாய் இருந்துச்சாமே? எப்படி விரட்டினீங்க?"

சகலையின் முகம் வாடிப்போனது. "நான் எங்க விரட்டினேன்? நான் போய்ப் படுத்தேன், அது போயிடுச்சு. இந்த ஷெட் ஆசையெல்லாம் உங்களுக்கு வேணாம், சகலை. பேசாம வீட்டுக்குள்ளயே கட்டில்ல படுங்க. கொடுத்து வெச்சவரு நீங்க."

இவருக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. 'பார்த்தியா பொறாமையை! இவரு மட்டும் அனுபவிக்கணும், நான் முன்னுக்கு வந்துடக் கூடாது!'

"இன்னிக்கு நானும் ஷெட்லதான் படுக்கப் போறேன்," என்று வீட்டில் வந்து அறிவித்தார்.

"ஐயோ, வேணாங்க," என்றாள் மனைவி. சொல்லி வாய் மூடுவதற்குள் தலையணை, போர்வை, கொசுவர்த்தி எல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டன.

விடிந்து பார்த்தால் உத்தரம் காலி! வாலும் இல்லை, வாடையும் இல்லை. அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, சகலையின் கண்ணில் படுகிற மாதிரி வாசலில் நின்று சோம்பல் முறித்தார்.

"பார்த்தியாடி? ஒரே ராத்திரி! உங்க அத்தான் என்ன பெரிய கொம்பனா?"

"நீங்க நீங்கதாங்க!" என்று மனைவி பச்சைத் திரையை மாட்டினாள். அத்தானுடையதைவிட இரண்டு முழம் நீளம். மேஜை விளக்கு வந்தது, ஃபேன் வந்தது, அவருடைய சட்டைகள்கூட வந்துவிட்டன. "இனிமே தினமும் இங்கயே படுங்க. இது உங்க ராஜ்யம்."

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போது மதிலுக்கு மேலே மாமியாரின் தலை எழும்பியது. சின்ன மகளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்:

"பத்து வருஷமா நீ தாங்கின குறட்டையை அந்த ரெண்டு மரநாயாலயும் ஒரு ராத்திரி தாங்க முடியலையேடி! ஆனாலும் நீ கெட்டிக்காரி, உங்கக்கா அவ புருஷனை ஷெட்டுக்கு விரட்ட ஆறு மாசம் சண்டை போட்டா, உன் வீட்டுக்காரரு தானாவே போயிட்டாரு பாரு!"