ஊருக்கெல்லாம் சம்பந்தி

விருத்தாசலத்தில் இவரைவிட அதிகம் பெண்களைக் கட்டிக்கொடுத்த தகப்பன் கிடையாது. ஜங்ஷன் பக்கம் ஒரு பெண், கடைவீதியில் ஒரு பெண், வேப்பூர் கூட்டுரோட்டு ஓட்டலில் ஒரு பெண், திட்டக்குடியில் ஒரு வாத்தியார் வீட்டில் ஒரு பெண். எல்லாம் நாலுகால் பெண்கள். மனுஷனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் டீக்கடையிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் வரை அவருக்கு ஒரே பெயர்தான், சம்பந்தி. நான் மட்டும் பிடிவாதமாகப் ‘பெரியவரே’ என்றுதான் கூப்பிடுவேன். பின்னே? ஊரில் அவர் பெண் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன ஒரே வீடு என் வீடு.

எங்கள் செராமிக் தொழிற்பேட்டையில் அவர் சூளைக்கு நெருப்புப் போடுகிறவராக இருந்தவர். கம்பெனி மூடியதும் முதலாளி அவரையே வாட்ச்மேனாக விட்டுவிட்டுப் போய்விட்டார். சூளை ஆறிப்போன பிறகும் நாய்கள் அதற்குள் வந்து படுப்பது நிற்கவில்லை. குட்டி போட்டால் ஆண் குட்டிகளை ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். பொட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிப் பின்பக்க முள்ளுக்காட்டில் வீசுவார்கள். சில சாக்குகளைச் சம்பந்தி நேரத்துக்கு அவிழ்த்துவிடுவார். சிலவற்றை அவிழ்த்தும் பிரயோஜனம் இருக்காது. அன்றைக்கு மனுஷன் டீக்கடைப் பக்கமே வரமாட்டார்.

பிழைத்த குட்டிகளைச் சூளைக்குள் வைத்து வளர்த்து, கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தடுப்பூசி போடுவார். வளர்ந்ததும் கருத்தடை. ஆபரேஷன் ஆன அடையாளத்துக்கு அங்கே காது நுனியில் கொஞ்சம் வெட்டி அனுப்புவார்கள் அல்லவா, அதற்கு அவர் வைத்த பெயர் காதுகுத்து. டீக்கடையில் எல்லாருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார். “என்ன விசேஷம் சம்பந்தி?” என்று கேட்டால், “சின்னவளுக்குக் காதுகுத்து. மொய் வேணாம், வாழ்த்துங்க போதும்” என்பார்.

யாராவது நாய் கேட்டுவிட்டால் போதும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பிவிடுவார். பெண்ணை அனுப்பும்போது சீர் உண்டு. பக்கத்து யூனிட்டில் வளைந்துபோய்க் கழித்துப் போட்ட வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று. இன்றைக்கும் இந்த ஊரில் எந்த வாசலிலாவது கோணல் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தால் அது அவர் பெண் வாழ்கிற வீடு என்று அர்த்தம்.

நானும் ஒரு குட்டி கேட்டேன், என் வீட்டுக்கும் வந்தார். நான் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்கிற கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். பக்கத்திலேயே களிமண் அரைக்கிற மில் நாளெல்லாம் கடகடவென்று ஓடும். அங்கே மெதுவாகப் பேசினால் எவளுக்குக் கேட்கும்? எனவே தொண்டை எனக்கு அப்படியே அமைந்துவிட்டது. காப்பி கொடுத்தேன். தொடவில்லை. வாசலுக்குப் போய்க் குப்புறப் படுத்து, கேட்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். காது வரை போய் மாட்டிக்கொண்டது.

“என் தலையே இவ்வளவு தூரம் வருதே, குட்டி வராதா? ரோட்டுல லாரி வருது, பஸ்ஸு வருது” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

“மொதல்ல உங்க தலைய வெளிய எடுங்க பெரியவரே!” என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன. என் வீட்டுக்காரர் கேட்டைத் தூக்கிப் பிடிக்க, மனுஷன் வெளியே வந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“கேட்டுக்கு அடியில இருக்குற சந்தக்கூட அடைச்சிடலாம். ஆனா அம்மா, நீங்க கத்துறீங்க. குட்டி பயந்துடும். தப்பா நெனைக்காதீங்க, இந்த எடம் அமையாது. போயிட்டு வரேன்.”

ஒரு தெருநாய்க்குக்கூடத் தகுதியில்லாத வீடாம் என் வீடு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என் வீட்டுக்காரர் சிரித்ததற்கு அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சட்னி கிடைக்கவில்லை.

பெண்ணைக் கொடுத்த பிறகும் சம்பந்தி விடமாட்டார். மறுவீடு என்ற பெயரில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார். அப்படித்தான் கடைவீதி பாத்திரக்கடைக்காரர் மாட்டினார். வெயிலில் நாயைக் குட்டைச் சங்கிலியில் கட்டியிருந்தார், கிண்ணம் காய்ந்து கிடந்தது. சம்பந்தி கடை வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ, எம்பொண்ண சங்கிலியால கட்டிப் போட்டிருக்கானே! குடிக்கத் தண்ணி குடுக்கலியே! இதுக்கா நான் வளத்துக் குடுத்தேன்!”

கடைவீதிப் பெண்கள் சும்மா இருப்பார்களா? பூக்காரம்மா, தட்டு இறக்கி வைத்த கீரைக்காரம்மா, பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று எல்லாரும் சேர்ந்துகொண்டு, “எங்கய்யா அந்தப் பொண்ணு? கூட்டியா வெளிய!” என்று கடைக்குள் புகுந்துவிட்டார்கள். ஏட்டும் லத்தியோடு வந்துவிட்டார். கடைக்காரர் வெலவெலத்துப் போய்ப் பின்கட்டிலிருந்து செவலை நாயை இழுத்து வந்து நிறுத்தினார். ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கீரைக்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“நாயின்னா தாகம் எடுக்காதா? அவுத்து வுடுய்யா.”

பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் சம்பந்தி. கூடவே கிண்ணத்தையும்.

இதெல்லாம் போன வருஷம் வரைக்கும். அப்புறம் பின்தெருவில் ஒரு குழந்தையை நாய் கடித்துவிட்டது. எங்கிருந்தோ வந்த புது நாய். சம்பந்திதான் முதலில் ஓடினார். “சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவினீங்களா? ஒரு ஊசியக்கூடத் தவற வுடக்கூடாதுங்க” என்று கெஞ்சினார். குழந்தையின் அப்பா இவரைப் பிடித்துத் தள்ளினார். பெற்றவன் பதறத்தான் செய்வான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாரமே யாரோ கோழிக்கழிவில் விஷம் கலந்து சூளையைச் சுற்றிப் போட்டுவிட்டார்கள்.

காலையில் வேலைக்குப் போனபோது பார்த்தேன். சூளை வாசலிலிருந்து ரோடு வரை நாய்கள் செத்துக் கிடந்தன. கடைவீதியிலிருந்து மீட்டுவந்த செவலையும் வாயில் நுரையோடு கிடந்தது. கடித்த நாய் மட்டும் அதில் இல்லை. சம்பந்தி மண் தள்ளுகிற வண்டியில் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டுபோய்ப் பழைய களிமண் குழியில் புதைத்தார். எங்கள் பேக்கிங் பெண்கள் அழுதுகொண்டே மண் தள்ளினார்கள். அவர் அழவில்லை, இருமிக்கொண்டே இருந்தார். வருஷக்கணக்காகச் சூளைப் புகையும் மண்தூசியும் குடித்த நெஞ்சு அது.

“இன்னொரு தரம் போடுவாங்க. அதுக்குள்ள மிச்சம் இருக்கிறதுங்கள கரை சேத்துடணும். என் மூச்சும் ரொம்ப நாள் தாங்காது” என்றார்.

பிழைத்தவற்றுக்கு அவசர அவசரமாக இடம் பார்த்தார். நல்லூருக்கு ஒன்று, பழமலை கோயில் வாசல் பூக்கடைக்கு ஒன்று என்று எல்லாம் போயின. ராணி என்கிற நாய்க்கு மட்டும் இடம் அமையவில்லை. கிழடு. ஒரு தீபாவளிக்கு எந்தப் பாவியோ காதோரத்தில் வெடியைக் கொளுத்திப் போட்டதில் இரண்டு காதும் போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். அது திரும்பாது. போய்விடுவார்கள்.

அதற்குள் சம்பந்தியை அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது நர்ஸம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இத்தினி பொண்ணு கட்டிக் குடுத்தேன்னு சொல்றாரு, ஒன்னுகூட எட்டிப் பாக்கலியேம்மா! என்ன ஜென்மங்க அதுங்க?”

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “வந்தா நீங்கதான் உள்ள வுடமாட்டீங்களே.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

“ராணிதாம்மா கவலை. வெளிய எங்கனா சோத்தப் பாத்தா வாய வெச்சிடும்.”

“கேட்டுக்கு அடியில இருந்த சந்த அடைச்சாச்சு பெரியவரே” என்றேன் சம்பந்தமில்லாமல்.

“தெரியும். எப்பவோ செங்கல் வெச்சிப் பூசிட்டீங்க. நான் அந்தப் பக்கம் வர்றப்பல்லாம் பாத்துட்டுதான் போவேன்.”

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “பாத்துட்டு சும்மாவா போனீங்க? ஊருக்கெல்லாம் பொண்ணு குடுத்தீங்க, எனக்குக் குடுக்கல! இப்பகூட என்னைக் கேக்கணும்னு தோணலியா?” என்று கத்தியேவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது.

“கேக்கத்தான் போறேன். நீங்க கத்துவீங்க. அதுக்குக் காது கேக்காது. இதவிடப் பொருத்தம் எங்கம்மா அமையும்?”

அன்றைக்கு மாலையே ராணியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கோணல் கிண்ணத்தையும் மறக்காமல் எடுத்து வந்தேன். மறுவீட்டுக்கு அவர் வரவில்லை. அந்த வாரம் தாண்டவில்லை.

சூளை வாசலில்தான் கிடத்தினோம். சொந்தம் என்று ஒருவரும் இல்லை. சடங்கு செய்ய வந்தவர் வாய்ப்பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

“சம்பந்தி வூட்டுக் கோடித்துணி இருந்தா கொண்டாங்க.”

கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்போது வேப்பூர் ஓட்டல்காரர் பையிலிருந்து புது வேட்டியை எடுத்தார். வாத்தியார் வந்தார். பூக்காரம்மா வந்தாள். பாத்திரக்கடைக்காரரும் தலையைக் குனிந்துகொண்டு வந்து, “பொண்ணு என் வூட்ல வாழல. ஆனாலும் சம்பந்தம் சம்பந்தம்தானேங்க” என்று துண்டைப் போட்டார். முகம் மூடாமல் துணியை ஒதுக்கி ஒதுக்கி விடவேண்டியிருந்தது. பெரிய குடும்பத்துக்காரர்களுக்குக்கூட இவ்வளவு கோடி விழுந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக நான் போனேன். ராணி என் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

“நீங்க என்ன மொறைம்மா?” என்று சடங்குக்காரர் கேட்டார்.

சொன்னேன். குரல் வெளியே வரவில்லை.

“கேக்கலம்மா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

என்னைப் பார்த்து இப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. “சம்பந்தி” என்றேன்.

இப்போதெல்லாம் ராணி கேட்டோரம் தூங்கினால் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகத்தான் கூப்பிடுகிறேன். கத்தினாலும் அவள் காதில் விழாதுதான். சம்பந்தி காதில் விழுந்து, பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ள வந்துவிடப் போகிறாரே என்றுதான்.