கிளாரன்ஸு எடுத்த ஒறுத்தல்

தவக்காலம் தொடங்குற சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயித்துக்கிழம கிளாரன்ஸு ஒரு தீர்மானம் பண்ணிட்டாரு. மக பெர்னடெட்டு இனிமே கான்வென்டுக்குப் போகக்கூடாது. வீட்டுல இருந்து சோறாக்கணும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸ்ல இருந்தாங்க. ஸ்லம்ப் காலம், ரப்பர் வெல விழுந்து எங்கயும் வேலையில்ல. வாரத்துல பாதி நாள்தான் வேலைன்னுட்டாங்க. மத்த நாளு மனுசன் நாற்காலியிலதான். ஆத்தாக்காரி பிலோமினா ஆஸ்பத்திரியில ஆயா. விடியங்காட்டியும் போயிருவா, சாயங்காலம் வந்தா பேசக்கூடத் தெம்பு இருக்காது. ஒம்போது வயசுப் புள்ள, தானே சடை பின்னும், கோணலா. தானே பழைய சோத்தத் தின்னுட்டு ஓடும். அதுகிட்ட ஆசையா நாலு வார்த்த பேசுன இடம் அந்தக் கான்வென்டு ஒண்ணுதான்.

கிளாரன்ஸு பொண்டாட்டிகிட்டக் கத்துனாரு. "எனக்கு மத்தியானம் சுடுசோறு இல்லடி!"

"நீங்க வீட்டுலதானே இருக்கீங்க?"

"ஆம்பள அடுப்பு ஊதுவானா?"

"மாட்டான்லா. அப்ப புள்ளைய நிறுத்துறோம்னு மதர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க."

கான்வென்ட நடத்துற வெள்ளக்கார மதர்னா கிளாரன்ஸுக்கு வேர்த்துரும். "நீ நம்ம சாமியார்கிட்ட சொல்லு. அவரு சொல்லட்டும்."

"சரி, சாமியார்கிட்ட நானே சொல்றேன்."

பெர்னடெட்டு சிலேட்ட அரிசித் தவலைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிட்டு அழுதுச்சு.

தவக்காலம் வந்தா எல்லாரும் ஒரு ஒறுத்தல் எடுப்பாங்க, எதையாச்சும் விட்டுருவாங்க. பக்கத்து வீட்டு வாலண்டைன் ஒரு வருசம் கள்ள விட்டாரு. விட்டுட்டு சாராயத்தப் புடிச்சாரு. அவரு சம்சாரம் கெர்ட்ரூட் வெளக்குமாத்தோட... சரி, அந்தக் கத இப்ப வேணாம்.

புதன்கிழம கோயில்ல சாமியார் எல்லாருக்கும் நெத்தியில சாம்பல் பூசுனாரு. கிளாரன்ஸுக்குப் பூசிட்டு அப்படியே தோளப் புடிச்சுக்கிட்டாரு.

"இவரப் பாருங்க! தவக்காலம் பூரா பொண்டாட்டி புள்ளைக்குத் தன் கையால சோறாக்கிப் போடறதா ஒறுத்தல் எடுத்திருக்காரு. பிலோமினா சொல்லுச்சு. இவருல்ல ஆம்பள!"

பொம்பளைங்க எல்லாம் அவங்கவங்க புருசனத் திரும்பிப் பாத்தாங்க. வாலண்டைன் கிளாரன்ஸ மொறச்சாரு. ஆண்டவர் சந்நிதியில இல்லன்னு சொல்ல முடியுமா? கிளாரன்ஸு தலைய ஆட்டிட்டாரு. பெர்னடெட்டு அம்மா முகத்தப் பாத்துச்சு. அம்மா கண்ண மூடிச் செபம் சொல்லிக்கிட்டிருந்தா.

சோறு கூழாச்சு. ரசம் கரிஞ்சுச்சு, ரசத்த எப்பிடிக் கரிய வைக்கிறதுன்னு எனக்கு இன்னும் வெளங்கல. பெர்னடெட்டு அதையும் வழிச்சுத் தின்னுட்டுப் பள்ளிக்கூடம் போச்சு.

நாப்பது நாளும் போயி பாஸ்கா திருநாளும் முடிஞ்சுச்சு. செவ்வாக்கிழம கிளாரன்ஸு மீசைய முறுக்குனாரு. "ஒறுத்தல் முடிஞ்சிருச்சு. நாளையிலேந்து கரண்டி இந்தப் புள்ள கையிலதான்." சொல்லிட்டு வேலைக்குப் போனாரு.

சாயங்காலம் வந்தவரு செருப்பக்கூடக் கழட்டல. "இனிமே வேலைக்கே வர வேணாம்னுட்டாங்க."

பெர்னடெட்டு சிலேட்ட நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னுச்சு. அப்பா பாவமாத்தான் இருந்தாரு. ஆனா, தன் படிப்பும் போயிருமோன்னு அது அம்மாவப் பாத்துச்சு.

பிலோமினா எழுந்து புருசன் கையில தண்ணி குடுத்தா. "என் சம்பளம் இருக்கு, புள்ள படிக்கட்டும்"னு சொன்னா. அப்புறம் மெதுவா, "நாளைக்கு எனக்கு ஆறு மணிக்கு டூட்டிங்க. சோத்தக் கொஞ்சம் வெள்ளனவே கட்டிருங்க."