கைக்குட்டைக்கு அடியிலிருந்து உருவிய கை

மரியாதைக்குரிய அக்கா இன்ஸாஃபுக்கு, தமன்ஹூரிலிருந்து தங்கை நக்லா ஸலாத்துடன் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே யாவரும் நலம். உங்கள் முழங்காலுக்கும் அவன் சுகம் தரட்டும்.

ஷைமாவின் நிக்காஹ் நடக்கும்போதே அவள் அத்தா மாப்பிள்ளையின் கையை உதறிவிட்டு எழுந்து போனாராமே, சம்மதம் இல்லையாமே என்று கேட்டிருந்தீர்கள். எழுந்து போனது உண்மை. சம்மதத்தில் குறையில்லை அக்கா, குற்றமெல்லாம் வயிற்றினுடையது.

என் வீட்டுக்காரருக்கு ஒன்பது வருடமாகக் கோலூன், நம் ஊரில் வீட்டுக்கொருவர் சொல்லிக்கொள்கிற அதே குடல் கோளாறு. எல்லாச் சோதனையும் செய்துவிட்டு டாக்டரம்மா, குடலில் புண்ணும் இல்லை கட்டியும் இல்லை, சட்டென்று கோபப்படுகிற குடல், அவ்வளவுதான், எதைச் சாப்பிட்டால் கோபப்படுகிறது என்று எழுதி வையுங்கள் என்றார். நான் நோட்டுப் போட்டு, வேளை, சாப்பாடு, வயிறு என்று மூன்று பத்தியாகக் கோடு கிழித்து எழுதினேன். முதலில் அவரைக்காயை நிறுத்தினேன், பிறகு வெங்காயம், பிறகு பூண்டு, மனிதர் அவித்த அவரை விற்கும் தள்ளுவண்டிக்காரனைக் கண்டால் இறந்துபோன சொந்தக்காரரைக் கண்டதுபோல் நின்றுவிடுவார். ஆனாலும் கணக்கு இடித்தது. திருட்டுத்தனமாக இரண்டு தட்டு அவரைக்காய் தின்ற நாளில் ஒன்றுமில்லை, வெறும் சோறும் உருளைக்கிழங்கும் தின்ற நாளில் சுருண்டு படுத்தார். ஒருநாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் புரட்டியபோதுதான் தெரிந்தது, ஷைமாவுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கிய நாள், அவள் வீட்டுக்குத் திரைச்சீலை பார்த்த நாள், வலித்ததெல்லாம் அந்த நாட்களில்தான். டாக்டரம்மாவிடம் காட்டினேன். மனசுக்கும் குடலுக்கும் நேர்க்கம்பி ஓடுகிறது, கொஞ்சம் கொஞ்சமாக வேளை தவறாமல் சாப்பிடட்டும், தினம் நடக்கட்டும், மூச்சை நிதானமாக விடட்டும், வந்தால் அடக்க வேண்டாம் என்றார். அதன்படி நடந்து பாதி குறைந்தும் விட்டது.

அவருக்கு ஒரே பயம் நிக்காஹ்தான். மாப்பிள்ளை கையைப் பிடித்து, மேலே வெள்ளைக் கைக்குட்டை போட்டபின், நிக்காஹ் வாசகம் முடியுமுன் நடுவில் எப்படி எழுவது? பள்ளிவாசலையே கழிப்பறை எத்தனை அடி என்று அளந்துதான் தேர்ந்தெடுத்தோம். அன்று காலை காய்ந்த ரொட்டியும் புதினா டீயும் மட்டும் கொடுத்தேன். கிளம்பும் நேரத்தில் சம்பந்தியம்மா ஹாஜியா தவ்லத் ஒரு பானை நிறைய, சோறு பொதிந்த முட்டைக்கோஸ் சுருளோடு வந்து, "என் கையால வச்சதத் தொடலைன்னா, சம்பந்தம் பிடிக்கலைன்னுதான் நான் எடுத்துக்குவேன்" என்றார். இவர் தின்றார்.

பதிவாளர் ஷேக் சொல்லிக்கொடுக்க, "என் மகளை" என்பது வரை சொன்னார். அத்தோடு கையை உருவிக்கொண்டு ஓட்டம். தவ்லத், என் மகன் கையில் என்ன முள்ளா இருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டார். ஷைமா முகம் சுண்ணாம்பாகிவிட்டது. நான் அவர் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இருக்கிற வெட்கத்தையெல்லாம் விழுங்கிவிட்டு, கோலூன் என்றேன். ஷேக் பேனாவை மூடினார். "எனக்கும் பதினோரு வருஷமா இருக்கும்மா. எல்லாரும் உட்காருங்க, வருவாரு."

அவ்வளவுதான், சபையே மாறிவிட்டது. சோம்புத் தண்ணீர் கொடு என்கிறார் ஒருவர், சீரகமும் எலுமிச்சையும் என்கிறார் இன்னொருவர், தன் மகனுக்கும் பரீட்சை வந்தால் இதே பாடுதான் என்று தவ்லத்தே சொல்லிவிட்டார். இவர் முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பரக்கத் உண்டாகட்டும்.

மச்சானுக்கு ஸலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. ஐந்து வேளையும் உங்களை நினைத்துக்கொள்ளும்,
நக்லா.

பி.கு: இது உங்களுக்கு மட்டும். அன்று அவர் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை அக்கா. தேடிக்கொண்டு போனேன், கதவுக்கு அந்தப் பக்கம் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். "என் மகளைன்னு சொன்னேன் நக்லா, அதுக்கு மேல வார்த்தை வரல." நான்தான் சொன்னேன்: "அழுதேன்னு சொன்னா ஊரு காரணம் கேக்கும். வயிறுன்னு சொன்னா மருந்து சொல்லும். நிதானமா முடிச்சுட்டு வாங்க, நான் போய் சொல்லிக்கிறேன்." அங்கே யார் கேட்டாலும், முட்டைக்கோஸ் என்றே சொல்லிவிடுங்கள்.