மாவிலைக்குப் பின்னால் ஒரு போர்டு

"போர்டு மாட்டாம மருந்து அடிக்க மாட்டேன் சார். என் லைசென்ஸ் போயிடும்" என்றார் பூச்சி மருந்து அடிக்க வந்த சின்னராசு.

கேசவன் அந்தத் தகர போர்டைப் பார்த்தார். மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு. கீழே சிவப்பு எழுத்தில், 'மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கப்படுகிறது. உள்ளே வராதீர்கள்.'

"இன்னா பூச்சின்னு கூடவா எழுதணும்?"

"ஆமா சார். சாயந்தரம் வரைக்கும் யாரும் உள்ள போகவும் கூடாது."

மறுநாள் மாமல்லபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மதுராந்தகத்துக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். எத்தனையோ வரன்களைத் தட்டிக்கழித்த மகள் கீர்த்தனா, அந்த மாப்பிள்ளை விஷாலின் போட்டோவைப் பார்த்துத்தான் முதன்முதலாக "வரச் சொல்லுப்பா" என்றிருந்தாள். இதற்காகக் கடை ஸ்பிரேயைக் கேசவனே அடித்துப் பார்த்தார். கட்டிலில் இருந்த மூட்டைப்பூச்சிகள் சோபாவுக்கும் குடிபோனதுதான் மிச்சம். அதில்தான் நாளை சம்பந்தி உட்கார வேண்டும்.

கொசு கடித்தால் தெருச் சாக்கடையைச் சத்தம்போட்டுத் திட்டுகிறோம். மூட்டைப்பூச்சி கடித்தால் மட்டும் கடிபட்டவன்தான் தலைகுனிகிறான். இது என்ன நியாயம் என்று கேசவனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சரி, மாட்டு" என்றார்.

சின்னராசு முகமூடியோடு உள்ளே போனதும், போர்டு தெரியாதபடி கேட்டில் மாவிலைத் தோரணத்தைக் கட்டினார். அங்கே பிடித்தது வம்பு.

பக்கத்து வீட்டு வரலட்சுமி எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா, தோரணமெல்லாம் கட்டிகினு! பொண்ணுக்கு நிச்சயமா? எங்களுக்கு ஒரு வார்த்த இல்ல?"

"அதெல்லாம் இல்லம்மா. பெயிண்ட் அடிக்கறோம்."

"பெயிண்டுக்கா தோரணம்?" முகத்தை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. விஷாலும் அவன் அப்பா அம்மாவும் பெரிய பெரிய துணிப்பைகளோடு இறங்கினார்கள்.

"நாளைக்குத்தானே..." என்று இழுத்தார் கேசவன்.

"சும்மா, ஒரு நாள் முன்னாடியே பாத்துட்டுப் போலாம்னு..." என்றார் விஷாலின் அப்பா கண்ணாயிரம், தரையைப் பார்த்தபடி.

"நாங்க வருவோம்னு தெரிஞ்ச மாதிரி தோரணமே கட்டியிருக்கீங்களே!" அவர் மனைவி பூரித்துப் போனாள். "உள்ள போலாமா?"

கேசவன் கேட்டை மறித்து நின்றார். "கொஞ்சம் வெயில் தாழட்டுமே."

"அந்த வெயில்லதாங்க அவங்க நிக்கறாங்க" என்று கேசவனின் மனைவி சியாமளா அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

கண்ணாயிரம் சிரித்தபடி கேட்டைத் தள்ளினார். தோரணம் அறுந்து விழுந்தது. மண்டை ஓடு எல்லோரையும் பார்த்துப் பல்லிளித்தது.

எதிர்ப்பக்க வேப்பமரத்தடியில் நின்றிருந்த கீர்த்தனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் ஆசைப்பட்ட ஒன்றைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று நினைத்தபடி கேசவன் குனிந்து தோரணத்தைப் பொறுக்கினார்.

வேன் டிரைவர் கண்ணாயிரத்தைப் பார்த்து ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"இன்னா சார் இது! காலையில உங்க வூட்டு கேட்ல மாட்டிகினு இருந்தாங்களே, அதே போர்டு!"