இருபத்துநாலு டிகிரி மரியாதை

உலகத்தில் குருவுக்கு மரியாதை செய்யத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் என் பெரியப்பா, சர்தார் உஜாகர் சிங். இதை அவரே பலமுறை சொல்லியிருப்பதால் வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஜலந்தர் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தால் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். மூன்று மாடி. உச்சியில் விமானம். விமானம் என்றால் பைபரில் செய்த தண்ணீர்த் தொட்டி. பக்கத்து வீட்டுத் தொட்டி கால்பந்து. அந்த வீட்டுப் பையன் இத்தாலியில் இருக்கிறான். எங்கள் அண்ணன்மார் இருவரும் கனடா, ஆகவே விமானம். வீட்டில் மிச்சம் இருப்பது பெரியப்பா, பெரியம்மா, காலேஜ் பஸ் வசதிக்காக அங்கே தங்கியிருக்கும் நான், ஓர் எருமை.

குருவும் இருக்கிறார். சீக்கியர் வேதமான குரு கிரந்த சாகிப் எங்களுக்குப் புத்தகம் இல்லை. உயிரோடு இருக்கும் குரு. முன்பெல்லாம் அடுப்படிக்கு அடுத்த அறையில் இருந்தார். பெரியம்மா விடியலில் குளித்துவிட்டுத் துணி விலக்கித் திறப்பாள். கண்ணில் படும் முதல் பாட்டைப் படிப்பாள். அதுதான் அன்றைய ஹுக்கம், அதாவது குருவின் கட்டளை. அதை வாங்கிக்கொண்டுதான் எருமையிடம் போவாள்.

இந்த ஏற்பாட்டில் 'மரியாதை' போதவில்லை என்பதைப் பெரியப்பா கண்டுபிடித்தார்.

"குருவோட தலைக்கு மேல யார் காலும் படக் கூடாது. மூணாவது மாடிக்குக் கொண்டுபோறோம்."

"மேல நடக்கறதுக்கு யாரு இருக்கா?" என்றாள் பெரியம்மா. "நடக்கற பசங்க எல்லாம் கனடாவுல நடக்கறாங்க. என் முட்டியால மூணு மாடி ஏற முடியுமா, சர்தார்ஜி?"

"பாக்கியவதி, மரியாதைன்னு வந்துட்டா முட்டியைப் பாக்கக் கூடாது."

பெரியப்பாவின் முட்டி நன்றாக இருந்தது. ஆகவே அவர் அதைப் பார்க்கவில்லை.

மூன்றாம் மாடியில் சலவைக்கல் அறை எழும்பியது. வெயிலுக்குக் குளிர்ச்சியும் குளிருக்குச் சூடும் தரும் ஏசி வந்தது. ஒரு பீரோ நிறையப் பட்டுத் துணி. வாசலில் விதிப்பலகை: குளிக்காதவர், தலை மூடாதவர், வெங்காயம் பூண்டு தின்றவர் நுழையக் கூடாது. வீட்டு மரியாதைக் குழு ஒன்றும் அமைந்தது. பெரியப்பா தலைவர், நான் செயலாளர், பெரியம்மா உறுப்பினர். கூட்டம் மூன்றாம் மாடியில் நடந்ததால் உறுப்பினர் 'வருகை தரவில்லை' என்று பதிவு செய்தேன்.

முதல் கூட்டத்திலேயே பேராபத்து ஒன்று வெளிவந்தது. அறைக்கு மேலே விமானம். விமானத்தைக் கழுவ ஆள் ஏறினால் குருவின் தலைக்கு மேல் கால்! ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். விமானம் கிரேனில் இறங்கி, முற்றத்தில் எருமைக்குப் பக்கத்தில் தரை தட்டியது.

தொட்டி தரையில் இருந்தால் குழாயில் தண்ணீர் ஏறாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. குழாயில் வராததால் வெந்நீர்க் கருவி உறங்கியது. பஞ்சாப் குளிரில் முற்றத்தில் நின்று பச்சைத் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்வதா? பெரியப்பா வாளியைப் பார்ப்பார். வாளி பெரியப்பாவைப் பார்க்கும். பிறகு இருவரும் பிரிந்துவிடுவார்கள். நான் காலேஜில் வாசனைத் திரவியத்தால் சமாளித்தேன். குளிக்காதவர் நுழையக் கூடாது என்பது விதி. விதியை நாங்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினோம்.

காலையில் திறந்து மாலையில் மூட, ஊர்க் கோயிலான குருத்வாராவிலிருந்து, கிரந்தம் படிக்கும் ஞானிஜி சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பெரியப்பா ஒரு நாள் படிக்கட்டிலேயே மறித்தார்.

"வாயை ஊதுங்க."

ஞானிஜி ஊதினார்.

"முள்ளங்கிப் பராட்டா!"

"சர்தார்ஜி, குளிர்காலத்துல முள்ளங்கி வாசனை இல்லாத வாய் வேணும்னா உங்க பசங்ககிட்டச் சொல்லி கனடாவுலேருந்துதான் வரவழைக்கணும்."

அத்துடன் அவரும் நின்றுவிட்டார். அது தீபாவளிக்கு மறுநாள்.

கீழே பெரியம்மா என்ன செய்தாள்? அடுப்படியில், மஞ்சள் கறை படிந்த சின்னப் பாராயணப் புத்தகம் ஒன்றை டப்பா மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, மாவு பிசைந்தபடி பாடினாள். பெரியப்பாவுக்கு இது தீராத அவமானம். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் முறையிட்டார்.

"எங்க வீட்டுல ரெண்டு விதமான பக்தி இருக்கு. மேல பட்டு, பளிங்கு. கீழ இவ உருளைக்கிழங்குக்கு உபதேசம் பண்ணிட்டிருக்கா!"

"உருளைக்கிழங்கு எழுந்து போகல்லியே," என்பாள் பெரியம்மா. பிறகு என்னிடம் மட்டும், "ஹுக்கம் இல்லாம நாள் தொடங்கறதே இல்லடா. நேத்தே இன்னும் முடியாத மாதிரி இருக்கு," என்பாள்.

அறைச் சாவி என் பையில்தான் இருந்தது. நான் செயலாளர், உணர்ச்சிவசப்பட எனக்கு அதிகாரம் இல்லை.

பெரியப்பாவின் புகழ் வட்டாரத்து மரியாதைக் காப்புச் சங்கம்வரை எட்டியது. எட்டும்படி அவரே மூன்று விண்ணப்பம் போட்டிருந்தார். வீட்டில் உள்ள குருவுக்கு முறைப்படி மரியாதை நடக்கிறதா என்று வந்து பார்ப்பார்கள்; நடந்தால் காவித் துணி போர்த்துவார்கள், நடக்காவிட்டால் குருவைத் தலையில் சுமந்து குருத்வாராவுக்கே கொண்டுபோய்விடுவார்கள். பெரியப்பா காவித் துணிக்குப் பொருத்தமாகத் தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றார். அன்று வாளியையும் வென்றிருந்தார். பல் இன்னும் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

சங்கத் தலைவர் ஜத்தேதார் பிஷன் சிங் வெள்ளைத் தாடிப் பெரியவர். சங்கத்து ஆட்களுடன் வந்து உட்கார்ந்ததும், எங்கள் பக்கம் எல்லோரும் சாதாரணமாகக் கேட்பதைத்தான் கேட்டார்.

"இன்னிக்கு ஹுக்கம் என்ன, சர்தார்ஜி?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் எருமையைப் பார்த்தேன்.

"இன்னிக்கு..." என்றார் பெரியப்பா கம்பீரமாக. "இருபத்துநாலு டிகிரி."

பெரியவர் எழுந்து ஆட்களுடன் மாடி ஏறினார். நான் கதவைத் திறந்தேன். இதமான சூடு; ஏசி இருபத்துநாலு காட்டியது. குருவை வணங்கி, மேல் துணியை விலக்கினார். அடியில் இன்னொரு துணி. ரோஜா நிறம், நீலம், சரிகை. விலக்க விலக்க வந்துகொண்டே இருந்தது. கடைசித் துணியை எடுத்தபோது சருகான சாமந்தி ஒன்று உதிர்ந்தது. "எப்ப வச்சது?" என்று கேட்டார். "தீபாவளிக்கு ஞானிஜி வச்சது," என்றேன்.

"சர்தார்ஜி," என்றார் பெரியவர், குரலை உயர்த்தாமல். "தீபாவளி நமக்கு என்ன நாள்? நம்ம ஆறாவது குரு சிறையிலேருந்து வெளிய வந்த நாள். நீங்க பாத்து அன்னிக்குத்தான் உள்ள போட்டீங்களா?"

பெரியப்பாவின் பல் தந்தியடிப்பதை நிறுத்தியது.

"இதுல ஒரு குறையும் இல்ல," பெரியவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "இவ்வளவு நல்ல சிறையை நான் பாத்ததே இல்ல. கிளம்பலாம்ப்பா, குருவைக் கொண்டுபோக ஏற்பாடு பண்ணுங்க."

அப்போது படிக்கட்டில் ஏதோ உரசும் சத்தம். நானும் பெரியப்பாவும் எட்டிப் பார்த்தோம். பெரியம்மா ஏறிக்கொண்டிருந்தாள். நடந்து இல்லை. படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக உடம்பை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். முக்காடு மட்டும் நழுவவில்லை. கையில் மாவு இல்லை, கழுவியிருந்தாள்.

"எதுக்கு வர்றே?" என்றார் பெரியப்பா.

"கொண்டுபோறாங்கன்னு காதுல விழுந்துச்சு. ஒரு தடவை பாத்துட்டு இறங்கிடறேன். மேல ஏத்தினப்புறம் நான் பாக்கவே இல்லீங்களே."

பெரியப்பா படியில் இறங்கி அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார், அவள் சறுக்கிவிடாமல் இருக்க. வெகு நேரம் அவள் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டியைப் பார்க்கக் கூடாது என்ற விதி அன்று மீறப்பட்டது.

"ஜத்தேதார் சாகிப்," என்றார் மேலே திரும்பி. குரல் எங்கள் வீட்டுக் குழாய் மாதிரி வந்தும் வராமலும் இருந்தது. "குருத்வாராவுக்கு வேண்டாம். கீழ... அடுப்படிக்குப் பக்கத்து அறைக்கு. இவ திறப்பா."

"மேல யாராவது நடப்பாங்களே?" என்றார் பெரியவர்.

"நடக்கறதுக்கு யாரு இருக்கா?" என்றார் பெரியப்பா.

குரு கீழே எழுந்தருளினார். முன்னால் ஒருவர் தண்ணீர் தெளிக்க, ஒருவர் சாமரம் வீச, பெரியவரே தலையில் சுமந்தார். கையில் மடித்து வைத்திருந்த காவித் துணியை யாருக்கும் போர்த்தாமலே கொண்டுபோய்விட்டார். பெரியம்மா திறந்தாள். அன்றைய ஹுக்கத்தைப் படிக்கத் தொடங்கி, இரண்டாவது வரியில் நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு முடித்தாள்.

மறுவாரம் மாடிகளைப் பூட்டினோம். விமானம் மீண்டும் உயரப் பறந்தது. அதைக் கழுவ ஏறுகிறவன் கீழே பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏற வேண்டும் என்று மட்டும் திருத்தம் கொண்டுவந்தோம். வெந்நீர் வந்தது. குளிக்காமல் இருக்க இனி யாருக்கும் சாக்கு இல்லை. மூன்றாம் மாடி ஏசியை நிறுத்த எல்லோரும் மறந்துவிட்டோம். நாங்கள் அத்தனை பாடுபட்டு மரியாதை செய்த அந்த அறையில் இப்போது யாரும் இல்லை. முன்பும் குருவைத் தவிர யாரும் இருந்ததில்லை.

பெரியப்பா மட்டும் கொள்கையை விடவில்லை. பெரியம்மா ஹுக்கம் வாங்கி வந்து, அதையே அடுப்படியில் முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்வது தவறுதான் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்றுக் காலை தேநீருக்காக அடுப்படிக்குப் போனேன். பெரியம்மா மாவு பிசைந்தபடி பாடிக்கொண்டிருந்தாள். கீழே மணையில் பெரியப்பா. தலைப்பாகை கட்டவில்லை, குளிக்கவில்லை, மடியில் ஒரு தட்டு உருளைக்கிழங்கு. தோல் சீவிக்கொண்டே, அவளுக்கு ஒரு வரி பின்னால் தடுமாறி வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"என்னடா பாக்கறே? அவ உருளைக்கிழங்குக்குச் சொல்லிட்டிருக்கா. நான் சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"அப்ப உதடு ஏன் அசையுது, பெரியப்பா?"

"குளிருதுடா."

பெரியம்மா திரும்பவே இல்லை. விட்ட இடத்திலிருந்து பாடினாள். பெரியப்பாவுக்கு மறுபடி குளிரெடுத்தது.