அடுத்தவன் மூக்கு

1963 ஜூன் 11: தேயிலை பாழ். அபராதம் எட்டு ரூபாய், காளிமுத்து.
1964 அக்டோபர் 3: தேயிலை பாழ். பன்னிரண்டு ரூபாய், பேச்சியம்மா.
1966 ஜூலை 19: தேயிலை பாழ். பதினைந்து ரூபாய், வேலன்.

இந்தப் பட்டியலில் இல்லாத பெயர்தான் நம் கதாநாயகருடையது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அந்த இனம். குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் பாக்டரியில் டீமேக்கராக இருந்த குழந்தைவேலு அதில் முதல் தரம்.

அரைத்த இலையை முகர்ந்து, மணம் கூடிய நேரம் பார்த்து, உலர்த்துவதற்கு "டிரையரில் போடு" என்று சொல்வதற்குத்தான் டீமேக்கருக்குச் சம்பளம். குழந்தைவேலு இலையை ஒரு கை அள்ளுவார், கண்ணை மூடுவார், தம் மூக்குவரை கொண்டுபோவார், அங்கிருந்து அப்படியே திருப்பிப் பக்கத்தில் நிற்பவர் மூக்கடியில் நீட்டி, புது மாப்பிள்ளையை உபசரிக்கும் குரலில் கேட்பார்: "ஏப்பா, போட்டுறலாமா?"

"போட்டுறலாமுங்க."

தீர்ந்தது. தேயிலை நன்றாக வந்தால் டீமேக்கரின் கைராசி. கெட்டுப்போனால்? "அவனைக் கேட்டுத்தானுங்க போட்டேன்."

1968 ஆடி மழையில், டிரையரில் வேலை செய்த ஒச்சப்பனுக்குக் கடும் சளி. இனித் தேயிலை கெட்டால் அபராதம் கிடையாது, வேலை நீக்கம்தான் என்று எஸ்டேட்டை நடத்தும் துரை அறிவித்திருந்தார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயன் வீடும் போகும். அதனால் டீமேக்கரின் கை நீண்டதும் ஒச்சப்பன் ஒதுங்கினான்.

"சளிங்க. வெங்காயம் எது, வெல்லம் எதுன்னே தெரியலீங்க."

"தெரியாட்டிப் போகுது. தலையை ஆட்டு, போதும்."

ஆட்டவில்லை. தும்மல் வந்துவிட்டது. தும்மினால் தலை முன்னால் சாயும் அல்லவா? குழந்தைவேலுவுக்கு அது போதும்; போடச் சொல்லிவிட்டார். அன்றைய தேயிலை மொத்தமும் பாழ்.

"நாலு பேரு முன்னால தலையாட்டுனானுங்க தொரை" என்றார் விசாரணையில்.

"தும்முனேனுங்க தொரை" என்றான் ஒச்சப்பன்.

துரை அந்த நாலு பேரையும் கூப்பிட்டுக் கேட்டார். அபராதம் கட்டிய மூவரும் அதில் இருந்தார்கள்.

"நாங்க மெசினைப் பாத்துட்டிருந்தமுங்க."

நீங்கள் உச்சுக்கொட்டுவது கேட்கிறது. குழந்தைவேலுவை நினைத்தா, அந்த நாலு பேரை நினைத்தா? அன்று நீங்கள் அங்கே நின்றிருந்தால் எதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்? போகட்டும், உங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் முதலில் அடுப்பை அணைப்பீர்களா, யார் பெயரையாவது சொல்லிக் கத்துவீர்களா?

துரையின் வேலை நீக்கக் கடிதத்தைக் குழந்தைவேலுதான் லயனுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "படிச்சுப் பாரு ஒச்சப்பா. எல்லாம் சரியா இருக்குதா?"

ஒச்சப்பனுக்கு மறுபடி தும்மல் முட்டியது. கழுத்தை விறைப்பாக்கிக்கொண்டு அடக்கினான்.

கடிதம் வந்து சேர்ந்த நாள்: 1968 ஆகஸ்ட் 9.